ஹனிபா நானாவின் ஞாயிற்றுக்கிழமை

போன மாதம், நான் வேலை பார்த்த விடுதியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். பெயர் நிரோஷா. நான் ஓய்வு பெற்ற பிறகு வரவேற்பு மேசைக்கு வந்தவள். இப்போது அங்கே எல்லாம் கணினியாம். விருந்தினர் புறப்படும் நாளைப் பதிந்தால் அதுவே சாரதிக்குத் தகவல் அனுப்பிவிடுமாம். ஆனால் நள்ளிரவு தாண்டிப் பறக்கும் மலிவு விமானங்கள் வரும்போதெல்லாம் நாள் குழம்பிவிடுகிறது. அந்த வாரம்கூட ஒரு குடும்பம் விமானத்தைத் தவறவிடப் பார்த்துக் கடைசி நேரத்தில் ஓடிப் பிடித்ததாம்.

"ஐயா, உங்கட காலத்தில ஒருத்தரும் பிளேனை விட்டதில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். எப்பிடிச் செய்தனீங்கள்?"

சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு 00.50 என்று டிக்கெட்டில் இருந்தால் ஞாயிறு என்றே எழுது. ஆனால் உன் புத்தகத்தில் நாள் நள்ளிரவில் மாறக் கூடாது, பொழுது படும்போதே மாற வேண்டும். சனிக்கிழமை பொழுது பட்டதும் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பு. அந்தப் பயணம் அங்கே முதலாவதாக நிற்கும். இரவில் போகிற எவரையும் விட்டுவிட மாட்டாய்.

"நல்ல வழி ஐயா. நீங்களே யோசிச்சதோ?"

"ஓம்" என்றேன்.

வாய் தவறி வந்த சொல்லல்ல அது. யோசித்துத்தான் சொன்னேன். அந்த வழி என்னுடையதல்ல, விடுதியில் எனக்கு மேலே இருந்த ஹனிபா நானாவுடையது. ஒருவரும் விமானத்தை விட்டதில்லை என்பதும் பொய். ஒரு தம்பதி விட்டார்கள், அதுவும் என்னால். இந்த வயதில் ஒரு சின்னப் பிள்ளையிடம் இன்னொருவரின் கெட்டித்தனத்தை என்னுடையதென்று சொல்லிவிட்டேனே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். யுத்தம் எங்களைப் புத்தளத்துக்குத் தள்ளியது. அங்கே தனியார் பஸ் நிலையத்தில் நேரக்கணக்காளராகப் பதினைந்து வருடம் இருந்தேன். கையில் கொப்பி, வாயில் விசில், மணிக்கட்டில் கடிகாரம். இரண்டு நிமிடம் பிந்திய பஸ்ஸுக்கும் பெயர் எழுதுவேன். சாரதிமார் என்னை ஏசாத நாளில்லை. ஆனால் நேரத்தில் தாசன் பிழை விடமாட்டான் என்று அவர்களே சொல்வார்கள். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்து நடந்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு ஆலங்குடாக் கடற்கரையில் விடுதிகள் முளைத்தன. டொல்பின் பார்க்கவும் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் வெளிநாட்டார் வரத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்த ஒரு சிங்கள முதலாளி பத்து அறை கட்டினார். சிங்களமும் தமிழும் கொஞ்சம் இங்கிலீசும் தெரிந்த ஆள் தேடினார், நான் போய்ச் சேர்ந்தேன். நேரம் பார்க்கிற வேலை எப்படியும் எனக்குத்தான் வரும் என்று நினைத்தேன். போன அன்றைக்கே தெரிந்துவிட்டது, அந்த வேலைக்கு ஏற்கனவே ஆள் இருந்தார்.

ஹனிபா என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி எல்லாரும் அவரை நானா என்போம். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு உடுப்புப் பையோடு வந்தவர். உப்பளத்தில் நின்று, மீன் லொறியில் ஓடி, இந்த விடுதி கட்டும்போது காவலாளியாக வந்து, மேற்பார்வையாளராக உயர்ந்தவர். விடுதியில் எனக்கு மேலே அவர்தான். கையில் கடிகாரமே கட்டமாட்டார். அதுதான் எனக்கு முதலில் எரிச்சல். கடிகாரம் கட்டாத மனிதரிடம் போய் எல்லாரும் நேரம் கேட்டார்கள், கடிகாரம் கட்டிய நான் மேசையில் இருந்தேன்.

அவருடைய முறையை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். விருந்தினர் வந்து இறங்கியதும் சாமானைத் தூக்கும் முன் டிக்கெட்டை வாங்குவார். தூரப் பிடித்து, சொண்டை அசைத்து வாசிப்பார். நீல மட்டை போட்ட கொப்பியில் அந்த நாளின் பக்கத்தில் ஒரு வரி எழுதுவார், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். புறப்படும் நேரத்தை அப்போது சொல்லமாட்டார். "இப்ப செல்லி வேலையில்ல, கடலப் பாத்ததும் மறந்துருவாங்க" என்பார். புறப்படும் அன்று காலை, அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணீரோடு அறைக்குப் போய்ச் சொல்வார். பின்னேரத் தொழுகையான அசர் தொழுதுவிட்டு வரும் வழியில் இன்னொரு தரம் போய்ப் பைகள் கட்டியாயிற்றா என்று பார்ப்பார். வழியில் சாப்பிடப் பாணும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் கட்டுவிப்பார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு மூன்றரை மணித்தியாலம். நள்ளிரவு விமானங்களுக்கு, பொழுது பட்டதும் தொழுகிற மஃரிப் முடிந்த கையோடு வேனை எடுத்தால் சரியாக இருக்கும்.

மஃரிப் முடிந்து தொப்பியோடு நேரே கொப்பியிடம் வருவார். பக்கத்தைத் திருப்புவார், உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைக் குத்துவார். அவருக்கு அதோடு மறுநாள் தொடங்கிவிட்டது. பொழுது பட்டால் அடுத்த நாள் என்பது அவர்களுடைய கணக்கு. வெள்ளி இரவு என்றால் வியாழன் பொழுது பட்ட பிறகு வருகிற இரவு. அந்தக் கணக்கிலேயே கொப்பியையும் நடத்தினார். ஐந்து வருடத்தில், நான் பிந்தி வீடு போன நாட்களில் அதைப் பலமுறை பார்த்தேன். தொழுகைப் பழக்கம் என்று நினைத்தேனே தவிர, விருந்தினரின் விமானமெல்லாம் அந்தக் கிளிப்பில்தான் தொங்குகிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இனி என் பொறாமைக்கு வருகிறேன். விடுதியில் விருந்தினர் எழுதிவிட்டுப் போக ஒரு தடித்த புத்தகம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் ஹனிபா. பிரெஞ்சுக்காரர் ஒரு விதமாக, ஜெர்மன்காரர் ஒரு விதமாக அந்தப் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடினேன். ஒரேயொரு இடத்தில், ஹனிபாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய ஒரு பெண் கடைசியில், 'மேசையில் ஒருவர் இருந்தார்' என்று எழுதியிருந்தாள். புத்தகத்தை மூடி வைத்தேன். வயிறு எரிந்தது. வேறு சொல் கிடையாது.

மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி வந்து நாலாம் அறையில் தங்கினார்கள். புஷ்பா டீச்சருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், கணவர் ராமன் ஓய்வு பெற்றவர். வந்த முதல் நாளே டீச்சர் என்னிடம் தன் கதையைச் சொன்னார். அவருடைய பள்ளியில் தலைமையாசிரியை நாற்காலி காலியாகியிருந்தது. மேரி என்ற இன்னொருவரும் இவரும் அதற்குப் போட்டி. கடைசியில் இவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிர்வாகத்தார் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் மேரிக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்களாம்.

"பன்னெண்டு வருசமா அவங்க எனக்கு முன்னால நடக்கிறாங்க சார். புடவை கட்டுறதுகூட அவங்களப் பாத்துத்தான் எல்லாரும் கட்டுவாங்க. இந்த ஒண்ணு எனக்கு வேணும்."

எனக்கு அந்த டீச்சரைப் பிடித்துப்போனது. ஒரே நோய்க்காரர் இருவர் பேசிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் ஹனிபா நானாவின் தங்கை மகளுக்கு உச்சமுனையில் கலியாணம். தீவு, படகில்தான் போக வேண்டும், தொலைபேசி அங்கே சரியாக எடுக்காது. போகும்போது நீலக் கொப்பியை என் மேசையில் வைத்தார்.

"ஞாயிறு காலைல வந்துருவன் தாசன். ஒண்டும் செய்ய வேணாம், மஃரிபோட பக்கத்த மட்டும் திருப்பிப் போடுங்க."

ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தச் சொல்தான் குத்தியது. பதினைந்து வருடம் நேரம் பார்த்தவனுக்குப் பக்கம் திருப்புகிற வேலை. அவர் படகேறியதும் புதுப் பதிவேடு ஒன்றை எடுத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். திகதி, நேரம், அறை, வாகனம். அவருடைய கோழிக்கிறுக்கலைப் பார்த்து ஒவ்வொன்றாக முத்து முத்தாக மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் 'மஃரிப் கையோட, அறை நாலு, கட்டுநாயக்க' என்று இருந்தது. நான் 'ஞாயிறு, மாலை 6.45' என்று எழுதினேன். டிக்கெட்டைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. முதலாளி அடுத்த கிழமை வரும்போது இந்தப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்ற யோசனைதான் எனக்கு.

சனிக்கிழமை பின்னேரம் வேன் சாரதி பாரூக் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"தாசண்ணே, நாலாம் அறை ஆக்கள் இண்டைக்குத்தானே? வேனக் கழுவி வைக்கச் செல்லிட்டுத்தான் நானா போனாரு."

"நாளைக்கு. ஞாயிறு எண்டு கிடக்கு."

"நானாட பொத்தகத்துல ஞாயிறு எண்டா..."

"நானாவுக்கு ஒரு ஞாயிறு, எங்களுக்கு ஒரு ஞாயிறோ பாரூக்? பதிவேட்டில இருக்கிறதைப் பாருங்கோ."

அவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அந்த நேரம் எனக்குள்ளே ஏதோ நெருடியது. இதை மறைக்கப் போவதில்லை. நாலாம் அறைக்கு இருபது அடி தூரம். எழுந்து போய் டிக்கெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்த்து, நானா சொன்னதுதான் சரி என்று வந்துவிட்டால், பாரூக்குக்கு முன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் கடலில் குளித்துவிட்டு அந்தப் பக்கமாக வந்து, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். ஞாயிறு ராத்திரி விமானம் என்றே அவர்களும் நினைத்திருந்தார்கள். ஏழுக்கு முன்னம் வெளிக்கிடலாம், நேரத்தை என்னிடம் விட்டுவிடுங்கள், நான் பஸ்ஸுக்கே நேரம் பார்த்தவன் என்றேன். நீலக் கொப்பியின் பக்கத்தைத் திருப்பாமலே, ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை அவர்கள் இடியப்பமும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் போனில் ஒரு செய்தி வந்தது. விமானக் கம்பனி அனுப்பியது. உங்கள் பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்டிருந்தது. டீச்சர் முதலில் சிரித்தார். "பாருங்க, போறதுக்கு முன்னாடியே கேக்குறாங்க" என்று கணவரிடம் காட்டினார். கணவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சிரிக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் அறைக்குப் போய் டிக்கெட்டை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். ஞாயிறு 00.50. விமானம் போய் ஏழெட்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

அதே கம்பனியின் அடுத்த விமானம் செவ்வாய்க்கிழமை. டீச்சர் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்து, "அப்போ மேரிதான்" என்றார். அவ்வளவுதான். அங்கே இங்கே போன் எடுத்தேன், எங்கேயும் இடமில்லை. முதலாளிக்குச் சொல்லப் பயந்தேன்.

பத்து மணிக்கு ஹனிபா நானா கல்பிட்டியில் படகிலிருந்து இறங்கி முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். கலியாண வீட்டுச் சேர்ட், கையில் வட்டிலப்பம் என்ற இனிப்புப் பாத்திரம். பாரூக் வாசலிலேயே விசயத்தைச் சொல்லிவிட்டார். நானா உள்ளே வந்து என் பதிவேட்டை விரித்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார், அந்த வரியில் விரலை வைத்தார், மூடினார்.

"டீச்சர், பாஸ்போட்ட எடுங்க. அழ வேணாம், நேரம் இரிக்கி" என்றார்.

புத்தளத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு பயண முகவர். ஞாயிறு அவருக்கு விடுமுறை. வீட்டுக்குப் போன் எடுத்து ஆளைக் கடைக்கு அனுப்பினார். மாலை நாலரைக்குச் சிங்கப்பூருக்கு ஒரு விமானம், அங்கிருந்து விடியக்காலை கோலாலம்பூருக்கு ஒன்று. இருந்தது ஒரே ஒரு இடம். டீச்சர் கணவரைப் பார்த்தார். "நீ போ, நான் டொல்பின் பாக்குறேன்" என்றார் அவர். பத்தே முக்காலுக்கு வேன் புறப்பட்டது. கலியாணச் சேர்ட்டோடு நானாவும் ஏறிக்கொண்டார்.

நான் மேசையில் இருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலாபத்தில் தேவாலயத் திருநாள், வீதியெல்லாம் சனம், வேன் நகரவில்லை என்று பன்னிரண்டரைக்குப் பாரூக்கின் போன் வந்தது. இப்போது எழுதப் போவதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த மூன்றரை மணித்தியாலத்தில் ஒரு கணம், அவர்கள் பிந்திப் போனால் நல்லது என்று என் மனம் கேட்டது. டீச்சர் போய்ச் சேர்ந்தால் ஹனிபா காப்பாற்றியதாக இருக்கும். சேராவிட்டால் இது எல்லாருடைய பிழையாகவும் கரைந்துவிடும். அந்த மனுசி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எதிரே அவருடைய கணவர் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் மனம் கேட்டது.

இரண்டரைக்கு நானாவே போன் எடுத்தார். "உள்ளுக்குப் போயிட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ். சாருக்கிட்ட செல்லுங்க."

பொழுது படும் நேரம் அவர் திரும்பி வந்தார். முகம் கழுவி மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது முதலாளியின் அழைப்பு வந்தது. மேசையில் போனை வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்கள். யார் பிழை விட்டது என்று முதலாளி சிங்களத்தில் கேட்டார். பாரூக் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"பொத்தகம் என்ட பொறுப்பு மஹத்தயா" என்று நானா சிங்களத்தில் சொன்னார். "நான்தான் இல்லாம போனன்."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு என் கையெழுத்து என்று சொல்ல எத்தனை நேரம் போகும்? சொல்லவில்லை. நாளையிலிருந்து புறப்பாட்டுப் புத்தகத்தைத் தாசன் பார்க்கட்டும் என்று முதலாளி முடித்தார். ஐந்து வருடம் ஆசைப்பட்டது அப்படித்தான் என் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை டீச்சர் கையெழுத்துப் போடும் படம் வந்தது. நல்ல புடவை கட்டியிருந்தார். படம் வந்தது ஹனிபா நானாவின் போனுக்கு. ராமன் சார் செவ்வாய்க்கிழமை போகும்போது தடித்த புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். விமானத்தைத் தவறவிட்டவர் எழுதியது, அதிலும் ஹனிபாதான். பிழை விட்டவன் பெயரையாவது எழுதியிருக்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து நீலக் கொப்பியை அவர் முறையிலேயே நடத்தினேன். என் சிவப்புக் கோட்டுப் பதிவேட்டை எரித்துவிட்டேன். பொழுது பட்டதும் பக்கத்தைத் திருப்ப நான் இருக்க வேண்டியதாயிற்று, அதனால் ஆறு மணிக்கு வீடு போகிற வழக்கம் நின்றது. வேன் கட்டுநாயக்க சேர்ந்துவிட்டது என்று போன் வரும்வரை கண்ணை மூட முடியாது. மனைவி கொஞ்ச நாள் முறைத்தாள், பிறகு பழகிக்கொண்டாள்.

அடுத்த வருடம் மன்னாரில் அவர்களுடைய ஊரில் மறுபடி குடியேறலாம் என்று அறிவித்தல் வந்தது. ஹனிபா நானா வேலையை விட்டார். அவருடைய அலுமாரியையும் கட்டிலையும் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் நான் போனேன். பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழி முழுக்கச் சொற்களைக் கோத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நானா, அந்த நாலாம் அறைப் பிழை..." என்று தொடங்கினேன்.

அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். லொறிக்காரருக்கு ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு போன்ல செல்லினது உங்களுக்காக எண்டு நெனைக்காதீங்க தாசன். எனக்கு அந்தப் பொத்தகத்த யாருக்கிட்டயாவது குடுத்தாப் போதும் எண்டு இரிந்திச்சு. வேன் போய்ச் சேருற வரைக்கும் ஒரு நாளும் நல்லா நித்திரை கொண்டதில்ல. நீங்க ஆறு மணிக்கு சைக்கிள எடுத்துட்டுப் பாட்டுப் பாடிட்டு வீட்ட போவீங்க. அதப் பாக்கக்குள்ள எனக்கு வயிறு எரியும். அல்லா அறிய, எத்தினை நாள் எரிஞ்சிரிக்கி. அந்த ஒரு நாள் வாய்ப்புக் கிடைச்சிச்சு, உங்கட தலைல கட்டிட்டன். நீங்கதான் என்ன மன்னிக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தோளில் தட்டினார். லொறியில் முன்னால் ஏறி உட்கார்ந்து கையைக் காட்டினார்.

"ஓம் நானா, அதுக்கென்ன" என்றேன். மன்னித்துவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டு போனார்.

கொண்டுபோன சொற்களை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் நான் நெஞ்சுக்குள் பூட்டி வைத்துப் புழுங்கியதை, அவர் லொறிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பொறாமையை ஒப்புக்கொள்வதிலும் அவர்தான் முந்திக்கொண்டார்.